8 அங்குல பேண்ட் சா: பிளேடு ஒரு பக்கமாக இழுத்தால் எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டுச் சின்னப் பட்டறை வைத்திருக்கிறீர்கள். புதிதாக 8 அங்குல பேண்ட் சா, அதாவது இரண்டு சக்கரங்களின் மேல் வளையமாக ஓடும் ரம்பப் பட்டையால் மரம் அறுக்கும் மெஷின், வாங்கியிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு மரப்பொம்மை, பூஜை அலமாரிக்கு வளைவு வேலை, பழைய வீட்டிலிருந்து கழற்றிய தேக்குச் சட்டங்களை மெல்லிய பலகையாக அறுப்பது என்பது திட்டம். ஆனால் நேர்கோடு போட்டு அறுத்தால் பிளேடு வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. மெஷின் கோளாறா, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

திருப்பிக் கொடுக்க வேண்டாம். இந்த அளவு மெஷின்களோடு பெட்டியில் வரும் பிளேடு பெரும்பாலும் ஒப்புக்கு வைத்து அனுப்புவது. ரம்பத்தின் பற்கள் ஒன்று இடம், ஒன்று வலம் என்று மாறி மாறிச் சாய்ந்திருக்கும். அப்போதுதான் பிளேடின் முதுகு நுழைய வழி கிடைக்கும். ஒரு பக்கத்துச் சாய்வு கொஞ்சம் கூடினாலோ, ஒரு பக்கத்துப் பற்கள் முதலில் மழுங்கினாலோ, நன்றாக வெட்டுகிற பக்கம் மரத்தை அதிகம் தின்னும். பிளேடும் அந்தப் பக்கமே நகரும். உங்கள் இழுப்புக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். சின்ன பேண்ட் சா விஷயத்தில் என் உறுதியான கருத்து, மெஷினைவிட பிளேடுதான் முக்கியம் என்பது. நல்ல பிளேடு ஒன்று வாங்கி, அதைச் சரியான வரிசையில் பூட்டினால் சாதாரண மெஷினும் நன்றாக அறுக்கும். பிளேடு மோசமென்றால் எவ்வளவு விலை கொடுத்த மெஷினும் கோட்டில் நிற்காது.

மெஷினின் எல்லையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 8 அங்குலம் என்பது சக்கரத்தின் விட்டம். பிளேடுக்கும் மெஷினின் தண்டுக்கும் நடுவே ஏறக்குறைய அவ்வளவுதான் இடம், அதாவது 200 மி.மீ. பிளேடுக்கு அடியில் நுழையும் மரத்தின் உயரம் 80 மி.மீ. அளவில் முடிந்துவிடும். மோட்டார் 250 முதல் 350 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால் உங்களிடம் இருப்பது அரைக் குதிரைத்திறனுக்கும் குறைவு. எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டை அறுத்து அலமாரி செய்வதுதான் முக்கிய வேலை என்றால் இது அதற்கான மெஷின் இல்லை, கையில் பிடிக்கும் சர்குலர் சா (வட்ட ரம்பம்) போதும். பொம்மைக்கும் வளைவுக்கும் சின்னச் சட்டங்களுக்கும் இதைவிட நல்ல மெஷின் வீட்டுப் பட்டறைக்குக் கிடையாது.

இனி பிளேடு. நம் தச்சர்கள் சொல்லும் நூல் கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். அங்குலத்துக்கு 8 நூல். பேண்ட் சா பிளேடுகளும் 1, 2, 3, 4 நூல் அகலங்களில்தான் வருகின்றன. அகலம் குறையக் குறைய வளைவு இறுக்கமாகப் போகும். 2 நூல் பிளேடு சுமார் 16 மி.மீ. ஆரம் வரை திரும்பும். 3 நூல் பிளேடுக்கு 37 மி.மீ. பக்கம் வேண்டும், 4 நூலுக்கு 63 மி.மீ. 1 நூல் பிளேடு 5 மி.மீ. ஆரத்தில்கூடத் திரும்பிவிடும், ஆனால் தொடங்குகிறவர்களுக்கு அது வேண்டாம். கொஞ்சம் அழுத்தித் தள்ளினாலே முறுக்கிக்கொள்ளும், சக்கரத்தை விட்டு நழுவும்.

கையேட்டில் 4 நூல் வரை போடலாம் என்று அச்சிட்டிருக்கலாம். போடலாம்தான், ஆனால் அந்த அகலத்தை முழு இறுக்கத்துக்குக் கொண்டுவரும் வலு இந்தச் சின்ன ஸ்பிரிங்குக்கும் சட்டகத்துக்கும் கிடையாது. தளர்ந்து ஓடும் 4 நூல் பிளேடைவிட, விறைப்பாக ஓடும் 3 நூல் பிளேடு நேராக அறுக்கும். ஆகவே இரண்டே பிளேடு வாங்குங்கள். வளைவுக்கும் பொதுவான வேலைக்கும் 2 நூல் அகலத்தில் அங்குலத்துக்கு 6 பல். பலகை பிளக்க 3 நூல் அகலத்தில் அங்குலத்துக்கு 4 பல்.

பல் எண்ணிக்கையைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பல் நிறைய இருந்தால் நேர்த்தியாக அறுக்கும் என்று 14 பல் பிளேடை 3 அங்குல உயர மரத்தில் ஓட்டினால், ஒரே நேரத்தில் 42 பற்கள் மரத்துக்குள் இருக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் தூள் தங்கி வெளியே வர வேண்டும். பள்ளம் சின்னது, நிரம்பிவிட்டால் பல் வெட்டாது, உரசும். மரம் கருகும், பிளேடு சூடேறி வளைந்து போகும். எப்போதும் குறைந்தது 3 பற்களாவது மரத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு டஜனுக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்தால் எந்த மரத்துக்கு எந்த பிளேடு என்று நீங்களே சொல்லிவிடலாம்.

பிளேடின் நீளம் கையேட்டில் இருக்கும். 8 அங்குல மெஷின்கள் பலவற்றில் 1400 மி.மீ. கையேடு இல்லையென்றால், பிளேடை இறுக்கும் டென்ஷன் திருகை நடுநிலையில் வைத்து இரண்டு சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதோடு டயரையும் (சக்கரத்தின் மேல் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டை) சேர்த்து அளந்த ஒரு சக்கரத்தின் சுற்றளவைக் கூட்டுங்கள். சக்கரம் 200 மி.மீ., மைய தூரம் 386 மி.மீ. என்றால் 772-ம் 628-ம் சேர்ந்து 1400. பெரிய ஊர்களில், அளவு சொன்னால் சுருளிலிருந்து வெட்டிப் பற்றவைத்துத் தரும் கடைகள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் சா மில்லுக்கும் பெரிய மெஷினுக்கும் வேலை செய்கிறவர்கள் என்பதால் தடிமனைக் கட்டாயம் சொல்லிக் கேளுங்கள். உங்கள் மெஷினுக்கு 0.35 முதல் 0.45 மி.மீ. தடிமன்தான் சரி. 14 அங்குல மெஷினுக்கான 0.63 மி.மீ. பிளேடை மாட்டினால் சீக்கிரம் உடைந்துவிடும்.

ஏன் உடையும் என்பதையும் சொல்கிறேன். இந்த மெஷினில் சக்கரம் நிமிடத்துக்கு 1400 சுற்று என்றால் பிளேடு நிமிடத்துக்கு சுமார் 880 மீட்டர் ஓடுகிறது. 1400 மி.மீ. பிளேடு நொடிக்குப் பத்து தடவைக்கு மேல் முழுச் சுற்று வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சக்கரத்திலும் வளைந்து நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் 75,000 தடவை. சக்கரம் சின்னதாக ஆக வளைவு கடுமை, தடிமன் கூடினால் இன்னும் கடுமை. பேண்ட் சாவுக்கு 1809-லேயே பிரிட்டனில் வில்லியம் நியூபெரி காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் இந்த ஓயாத வளைவைத் தாங்கும்படி பிளேடின் இரு முனைகளையும் இணைக்கத் தெரியாததால் அந்த யோசனை ஏறக்குறைய 40 ஆண்டுகள் பயனில்லாமல் கிடந்தது. பிரான்சில் ஆன் போலின் கிரெப்பன் என்ற பெண்மணி பற்றவைக்கும் முறை ஒன்றைக் கண்டுபிடித்து 1846-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிறகுதான் இது பட்டறைகளுக்குள் வந்தது. இன்றும் பலவீனமான இடம் அந்த இணைப்புதான். வாங்கும்போது இணைப்பின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மேடு தட்டக்கூடாது, முதுகு ஒரே நேராக இருக்க வேண்டும். பழைய மெஷின் வாங்க நினைக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால் மூன்று சக்கரம் வைத்த சின்ன மாடல்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அவற்றில் பிளேடு இன்னும் அதிகமாக வளைகிறது, அடிக்கடி உடைகிறது.

இப்போது பூட்டுவது. இதில் வரிசைதான் எல்லாம். இறுக்கம் மாறினால் பிளேடு சக்கரத்தில் ஓடும் இடம் மாறும். அந்த இடம் மாறினால் கைடு, அதாவது பிளேடு ஆடாமல் பக்கத்திலும் பின்னாலும் நிற்கும் தாங்கிகள், எல்லாம் மாறும். கைடை முதலில் சரிசெய்தால் செய்த வேலை வீண்.

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். புது பிளேடு மூன்று வளையமாகச் சுருட்டி வரும், பிரிக்கும்போது துள்ளும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் கையுறை போடுங்கள், கண்ணாடியும் போடுங்கள். மெஷினின் இரண்டு கதவையும் திறந்து, மேசைக்கு மேலும் கீழும் உள்ள கைடுகளைப் பிளேடு தொடாத தூரத்துக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள். பிளேடை மாட்டும்போது பற்கள் உங்களைப் பார்த்து, நுனி கீழ்நோக்கி இருக்க வேண்டும். எப்படித் திருப்பினாலும் நுனி மேல்நோக்கியே நின்றால் பிளேடு உள்புறம் வெளியாக இருக்கிறது. இரண்டு கையாலும் பிடித்து உள்ளதை வெளியே புரட்டுங்கள்.

பிறகு இறுக்கம். சின்ன மெஷின்களில் இருக்கும் அளவுகோலை நான் நம்புவதில்லை. மேல் கைடை முழுக்க உயர்த்திவிட்டு, நடுவில் விரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். 5, 6 மி.மீ. நகர்ந்து அங்கேயே விறைத்து நின்றால் போதும். அடுத்து மேல் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே பிளேடு டயரின் எந்த இடத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். பின்பக்கம் உள்ள சாய்வுத் திருகைக் கால் சுற்று திருப்பி, சக்கரத்தைச் சில தடவை சுற்றி, மறுபடி பார்த்து, மறுபடி கால் சுற்று. டயரின் நடுப்பகுதி லேசாக மேடாக இருக்கும். பிளேடின் நடு அந்த மேட்டின் மேல் அமர வேண்டும். முன்னால் வழிந்தோ பின்னால் ஒதுங்கியோ ஓடினால் பிளேடு மேசையில் கோணலாக நிற்கும், அதுவும் இழுப்புக்கு ஒரு காரணம். கையால் சுற்றும்போது நிலையாக நின்ற பிறகு கதவை மூடி, ஒரு நொடி மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். மட்டம் பல்லின் மேல் படாமல் பல்லுக்குப் பின்னால் உள்ள தட்டையான பகுதியில் படட்டும். மட்டத்தை நம்பாமல் சோதிக்க வழி உண்டு. 2 அங்குல உயரச் சட்டத்தின் முனையில் ஒரு சீவல் அறுத்து, சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டி அறுத்த முகத்தைப் பிளேடோடு ஒட்டிப் பாருங்கள். மேலோ கீழோ வெளிச்சம் தெரிந்தால் தெரிகிற இடைவெளி உண்மையான பிழையின் இரண்டு மடங்கு. பாதிக்குத் திருத்துங்கள்.

கடைசியாகத்தான் கைடு. பக்கவாட்டுக் கைடுகள் பல்லுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். பல்லைத் தொட்டால் ஒரே சுற்றில் சாய்வு அழிந்து பிளேடு பாழாகும். இருபுறமும் சாதாரணக் காகிதம் ஒன்றைச் செருகி, கைடை லேசாக ஒட்டவைத்து முடுக்கி, காகிதத்தை உருவிவிடுங்கள். 0.1 மி.மீ. இடைவெளி கிடைக்கும். முதுகுப்பக்க பேரிங் சும்மா ஓடும்போது பிளேடைத் தொடக்கூடாது, மரத்தைத் தள்ளியவுடன் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். அரை மி.மீ. இடைவெளி சரி. மேசைக்குக் கீழே இன்னொரு ஜோடி கைடு இருக்கிறது, அதையும் இதேபோலச் செய்யுங்கள். குனிந்து பார்க்க வேண்டியிருப்பதால் நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள். மேலே எவ்வளவு சரிசெய்தாலும் கீழே பிளேடு ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

அறுக்கத் தொடங்கும்போது மேல் கைடை மரத்துக்கு 5, 6 மி.மீ. உயரத்தில் இறக்கி வையுங்கள். பிளேடு நேராக நிற்கும், விரலுக்கும் பாதுகாப்பு. பேண்ட் சா மரத்தைக் கீழே மேசையை நோக்கியே அழுத்துவதால் சர்குலர் சாவைப் போல ஆளை நோக்கி எறியாது. அந்தத் தைரியத்தில்தான் கை பிளேடு பக்கம் போகிறது. கட்டைவிரலைக் கோட்டுக்கு நேர் பின்னால் வைத்துத் தள்ளாதீர்கள். மரம் முடிகிற இடத்தில் தடை திடீரென்று விடும், கை அதே வேகத்தில் முன்னே போகும். பிளேடிலிருந்து 3 அங்குலத்துக்குள் கை போக வேண்டியிருந்தால் தள்ளுகுச்சி எடுங்கள். ஓடும்போது கையுறை, தொங்கும் துண்டு, நீண்ட கை சட்டை எதுவும் வேண்டாம். உருண்டைக் கம்பை அப்படியே வைத்து அறுக்கவே கூடாது. பிளேடு அதைப் பிடித்து உருட்டி விரலையும் சேர்த்து இழுக்கும். ஆங்கில வி வடிவப் பள்ளம் போட்ட கட்டையில் வைத்துக் கட்டிப் பிடித்து அறுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் பிளேடு சில நொடி ஓடும், நிற்கும்வரை துண்டுகளைத் தொடாதீர்கள். ஓடும்போது சீராக டகடகவென்று சத்தம் கேட்டால் இணைப்பில் மேடோ விரிசலோ இருக்கிறது. நிறுத்திப் பாருங்கள். எர்த் இல்லாத பழைய பிளக் பாயின்ட்டில் இதைச் செருகாதீர்கள்.

முதல் பழக்கத்துக்கு முக்கால் அங்குல மாமரத் துண்டு அல்லது ரப்பர் மரத் துண்டு போதும். கோட்டின் மேல் அறுக்காமல் கழிவுப் பக்கமாக 1 மி.மீ. விட்டு அறுத்து, மிச்சத்தை அரத்தாலோ உப்புத்தாளாலோ எடுத்துவிடுங்கள். இறுக்கமான வளைவு வந்தால், முதலில் ஓரத்திலிருந்து வளைவுக் கோடு வரை அங்கங்கே நேர்வெட்டுகள் போட்டுவிடுங்கள். பிறகு வளைவில் போகும்போது கழிவு துண்டு துண்டாக விழுந்து பிளேடு திரும்ப இடம் கொடுக்கும். பாதி வழியில் பின்வாங்க வேண்டியிருந்தால் மெஷினை நிறுத்திவிட்டுப் பின்வாங்குங்கள். ஓட்டத்தில் இழுத்தால் பிளேடு சக்கரத்தை விட்டு முன்னால் வந்துவிடும்.

பொம்மை வண்டிக்குச் சக்கரம் வேண்டுமே, அதற்கு ஒரு வழி. மேசை மேல் பிளைவுட் துண்டு ஒன்றை கிளாம்ப் போட்டு, அதில் தலை வெட்டிய ஆணி ஒன்றை நிறுத்துங்கள். மரத்தை விட்டத்தின் அளவுக்கே அகலமாக, சதுரமாக வெட்டி, நடுவில் துளை போட்டு ஆணியில் மாட்டுங்கள். ஓரம் பிளேடைத் தொட்டு நிற்கும், அப்படியே மெதுவாகச் சுற்றினால் வட்டம். ஆணி நிற்க வேண்டிய இடத்தில்தான் சூட்சுமம். பல் நுனியிலிருந்து பக்கவாட்டில் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தால், ஆணி அந்தக் கோட்டின் மேல் இருக்க வேண்டும். முன்னே பின்னே 2 மி.மீ. தள்ளினாலும் பிளேடு உள்ளேயோ வெளியேயோ ஒதுங்கும், சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேராது.

இப்போது உங்கள் தேக்குச் சட்டங்கள். பழைய வீட்டு மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும். தலை துருவில் உதிர்ந்து உடல் மட்டும் உள்ளே இருக்கும். வலுவான காந்தத்தைச் சட்டத்தின் நாலு முகத்திலும் ஓட்டுங்கள், கருநீலக் கறை தெரியும் இடத்தைச் சந்தேகப்படுங்கள். ஓர் ஆணி போதும், புது பிளேடு அங்கேயே முடிந்தது. தேக்கில் இயற்கையாகவே மணற்சத்து இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும், அது மரத்தின் குணம். பிளக்கும் பிளேடைப் பிளக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பிளைவுட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

புது பிளேடு போட்ட பிறகு இழுப்பு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு அடிச் சட்டத்தின் ஓரத்துக்கு இணையாகக் கோடு போட்டு, ஃபென்ஸ் (மரத்தை ஒட்டித் தள்ள மேசையில் பூட்டும் நேரான தடுப்பு) இல்லாமல் கையால் கோட்டிலேயே அறுத்துக்கொண்டு பாதியில் நிறுத்துங்கள். மரத்தை அசைக்காமல், அதன் ஓரத்தை ஒட்டி மேசையில் பென்சில் கோடு இழுங்கள். அந்தக் கோணம்தான் இந்த பிளேடு போக விரும்பும் பாதை. ஃபென்ஸை அதற்கு இணையாகப் பூட்டினால் பிளேடோடு மல்லுக்கட்டாமல் அறுக்கலாம். கோணம் கண்ணுக்கே உறுத்தும் அளவுக்கு இருந்தால் ஃபென்ஸைத் திருப்பாதீர்கள், பிளேடைச் சந்தேகப்படுங்கள்.

பிளக்கும்போது மேசையில் படும் முகமும் ஃபென்ஸில் படும் முகமும் முதலில் இழைத்து நேராக்கியிருக்க வேண்டும். தள்ளும் வேகத்தை மோட்டாரின் சத்தம் சொல்லும். சத்தம் தாழ்ந்தால் கையைத் தளர்த்துங்கள். அறுத்த பலகை மேலும் கீழும் சரியாக இருந்து நடுவில் தொப்பை போட்டிருந்தால், மிக வேகமாகத் தள்ளியிருக்கிறீர்கள், அல்லது பிளேடு தளர்வு, அல்லது மழுங்கல். 3 அங்குலத்துக்கு மேல் உயரமுள்ள தூலம் எதுவானாலும் சா மில்லில் கொடுத்து முதல் அறுப்பை முடித்துக்கொண்டு வாருங்கள். சின்ன மோட்டாரை அதில் வதைக்க வேண்டாம்.

தூளைப் பற்றி அக்கறையோடு ஒன்று. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் வெளியிட்ட மதிப்பீட்டில் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலரிப்பும் தும்மலும் தரும். பிளேடு கீழே நுழையும் இடத்தில் வாக்குவம் குழாயை மாட்டி, என்95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். மாடியில் துணி காயப்போடும் பக்கம் தூள் போகாமலும் இருக்கும்.

வேலை முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்திவிடுங்கள். தகரக் கொட்டகை வெயிலில் இறுக்கத்திலேயே விட்டால் ரப்பர் டயரில் பள்ளம் விழுந்து, அடுத்த நாள் மெஷின் குதிக்கும். தளர்த்தியதற்கு அடையாளமாக ஒரு சீட்டைக் கைப்பிடியில் மாட்டுங்கள், மறந்து ஓட்டினால் பிளேடு கழன்றுவிடும். பலாவின் பாலும் பிசினும் பல்லில் ஒட்டியிருந்தால் பிளேடைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். மழுங்கிய பிளேடு என்று தூக்கிப்போடுவதில் பாதி, பிசின் ஏறிய பிளேடுதான்.

பிளந்த பலகைகளுக்கு அளவு வைக்கும்போது தாராளம் காட்டுங்கள். 6 மி.மீ. பலகை வேண்டுமென்றால் 8 மி.மீ.க்குக் கோடு போடுங்கள். பழைய தேக்காக இருந்தாலும் பிளந்தவுடன் உள்முகம் காற்றுப் பட்டுக் கொஞ்சம் வளையும். நடுநடுவே சின்ன ரீப்பர் துண்டுகளை வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, நிழலில் ஒன்றிரண்டு வாரம் விட்டுவிட்டு, அதன் பிறகு இழைப்புளி போட்டு 6-க்குக் கொண்டுவாருங்கள்.